அறுபத்தொரு விழுக்காடு

சாயங்கால மழையில் ஜெலுத்தோங் அடுக்குமாடி வீடு முழுக்க ஈரத்துணி நாற்றம் அடித்தது. மேசைமேல் பழைய ஹார்ட் டிஸ்க் நகத்தால் தட்டுவதுபோல் டக் டக்கென்று ஓடிக்கொண்டிருக்க, கோகுலன் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தபோது, சாமி மேடையருகே மாலை போட்ட சட்டத்துக்குள் செத்துப்போன அவன் அம்மா இல்லை. வெறும் வெள்ளைத்தாள் இருந்தது.

ஈரத்தில் படம் வெளுத்துவிட்டது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். கல்யாண வீடியோ எடுப்பவன் அவன். நாளைக்குப் பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணம். அதற்குள் பழைய டிஸ்க் காலியாக வேண்டும். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஹாஃபிஸ் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தான்.

"காப்பி பண்ணுங்கண்ணே. புதுசுல திறந்து பாருங்க. அப்புறம்தான் பழச அழிக்கணும். கட் பண்ணி மட்டும் போட்றாதீங்க லா."

மண்டையில் ஏறினால்தானே. இரண்டு வேலையை ஒன்றாக முடிக்கும் அவசரத்தில், பதினைந்து வருஷத்துக் குடும்பப் படங்களைக் கட் செய்து புது டிஸ்கில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான்.

'அம்மா' என்ற கோப்புறை முடிந்து 'மணி' ஓடியது. மணி, பூனை. நாற்காலிக்கடியில் அது பாதம் நக்கும் சத்தமும் கழுத்துச் சலங்கையின் சிணுங்கலும் இவ்வளவு நேரம் மழைக்கு அடியில் கேட்டுக்கொண்டே இருந்தன. சட்டென்று நின்றன. குனிந்து பார்த்தான். கழுத்துப்பட்டை தரையில் கிடந்தது. இன்னும் சூடாக இருந்தது.

திரையில் அடுத்த பெயர் வந்தது. 'தாரணி'.

பக்கத்து அறையில் அவன் மகள் மலாய்ப் பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது, தாயில்லாப் பிள்ளை. அவளை விட்டால் அவனுக்கு யாருமில்லை. வாசிப்பு தேய்ந்தது. ஒரு சொல் விட்டு ஒரு சொல். பிறகு எழுத்து எழுத்தாக.

"தாரணி?"

திரையில் எண் மட்டும் ஏறியது.

நாற்பது விழுக்காடு. ஐம்பத்தைந்து. ஓடிப்போய்ப் பார்க்கப் பயம். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவும் பயம். அறுபத்தொன்று. ரத்து என்பதை அழுத்தினான். நின்றது.

அப்பாடா என்று மூச்சுவிட்டான், பாவி.

அறைக்கதவு திறந்தது. பள்ளிச் சீருடை. கையில் பென்சில். இரட்டைச் சடை. முகம் இருக்க வேண்டிய இடம் மட்டும் மொழுமொழுவென்று தோலாக இருந்தது. காற்றைத் தடவிக்கொண்டே வந்தாள்.

புது டிஸ்கிலிருந்து திருப்பி இழுத்தான். கோப்பு பழுது என்றது கணினி. மறுபடி இழுத்தான். பழுது.

ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது.

"அப்பா."

"சொல்லுடா கண்ணு. அப்பா இங்கதான் இருக்கேன்."

"மீதியையும் அனுப்புப்பா. பாதியா இருக்க வலிக்குது."

"முடியாதுடா. அப்பாவால முடியாது."

'மீதியையும் நகர்த்தவா?' என்று திரையில் வந்தது. மவுசைப் பிடித்திருந்த அவன் கைமேல் ஒரு சின்னக் கை வந்து படிந்தது. தடவித் தடவி அவன் விரலைக் கண்டுபிடித்தது. அழுத்தத் தொடங்கியது.