பின்னறையில் முறிந்த எலும்புகள்

தையல்காரி அழவில்லை. துப்புத் துலக்கச் சொல்லி அண்ணியையும் அவள் கொழுந்தனையும் தேடி வந்திருந்தாள். பையிலிருந்து நசுங்கிய அலுமினியப் பாத்திரம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதுல சமைச்சுப் போட்டே என் வீட்டுக்காரர் எலும்பை நான் கெடுத்துட்டேனாம். டயாலிசிஸ் நிலைய மேலாளர் சொல்றார்."

அவள் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய் ஆறு வருடம். போன வாரம் இருமினார். விலா எலும்பு முறிந்தது. எலும்பில் துளியூண்டு எடுத்துச் சோதித்தால் அதில் அலுமினியம் படிந்திருந்தது. நாக்கும் குழறத் தொடங்கிவிட்டது.

அண்ணி பாத்திரத்தைத் திருப்பிப் பார்த்தாள். அரசுச் சோதனைக்கூடத்தில் முப்பது வருடம் தண்ணீரையும் விஷத்தையும் அலசியவள். முன்னாள் பேருந்து நடத்துனரான கொழுந்தன், அவளுக்கு உதவியாளனாகத் தன்னைத்தானே நியமித்துக்கொண்டவன்.

"வேற யாருக்காவது இப்படி ஆச்சாம்மா?"

"இன்னும் ரெண்டு பேருக்கு. எல்லாரும் நிலையத்துல பின்னறைல படுக்கிறவங்கதான். அதுல ஒருத்தங்க வீட்டுல எல்லாமே எவர்சில்வர்."

மறுநாள் காலை நிலையத்துக்குள் நுழைந்ததுமே கொழுந்தன் அண்ணியின் காதைக் கடித்தான். "தண்ணிதான் அண்ணி! ஊர்த்தண்ணியைப் படிகாரம் போட்டுத் தெளிய வைக்கிறாங்க. அதுல அலுமினியம் இருக்கு."

"ரெண்டு அறைக்கும் ஒரே குழாய். சுவர்ல ஒட்டியிருக்கிற தண்ணிச் சோதனைச் சீட்டும் சுத்தமா இருக்கு. முன்னறைல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

கொழுந்தன் முகம் தொங்கிப்போனது.

முன்னறையில் ஒவ்வொரு இயந்திரத்தின் காலடியிலும், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் நீரில் சேர்க்கும் அமிலக் கலவை நிரம்பிய பிளாஸ்டிக் கேன் இருந்தது. பின்னறைக்கு மட்டும் அதே கலவை பெரிய பீப்பாயிலிருந்து பம்ப் வழியாகப் போனது.

"இந்தப் பம்ப் தலையை ரெண்டு தடவை மாத்திட்டேன்" என்றார் நிலைய மெக்கானிக். "கறையான் அரிச்ச மாதிரி ஆயிடுது. போன வருஷமே மேலாளர்கிட்ட சொன்னேன்."

முன்னறை ஜன்னலோரம் படுத்திருந்த அம்மாள் வலியச் சிரித்தாள். "மேலாளர் என் தம்பிதான். நானும் பின்னறைல இருந்தவதான். வெளிச்சமா இருக்கும்னு போன வருஷம் இங்க மாத்திட்டான்."

அண்ணி ஜன்னலைப் பார்த்தாள். ஒரு முழத் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்.

முதலில் அவள் பம்பை நிறுத்தினாள். பிறகு மருத்துவரையும் மேலாளரையும் மெக்கானிக்கையும் தையல்காரியையும் அந்தப் படுக்கையருகே வரவழைத்தாள்.

"பம்ப் தலை அலுமினியம். அமிலம் அதைக் கரைக்குது. கரைஞ்சது நேரா ரத்தத்துல இறங்குது. நல்ல சிறுநீரகம்னா வெளிய தள்ளிடும். இவங்களுக்கு அது இல்ல. எலும்புல, மூளைல போய் உட்காருது. தண்ணியைக் கலவை சேர்றதுக்கு முன்னாடியே சோதிக்கிறாங்க. அதான் சீட்டு சுத்தம்."

"எனக்கெப்படிங்க தெரியும்?" என்றார் மேலாளர்.

"தெரியாதவர் அக்காவை மட்டும் ஏன் நகர்த்தினீங்க? வெளிச்சத்துக்குன்னு சொல்லாதீங்க, இங்க சுவர்தான் இருக்கு."

மருத்துவர் எட்டி அந்தச் சுவரைப் பார்த்தார்.

"புது பம்ப் கேட்டா மூணு வாரம் பின்னறையை மூடணும்னாங்க" என்றார் மேலாளர், தரையைப் பார்த்தபடி. "அப்புறம் பார்த்துக்கலாம்னு இருந்துட்டேன்."

அக்கா தலையைத் தூக்கினாள். "தம்பி, என் இடத்துக்கு யாரை மாத்தினே?"



"என் வீட்டுக்காரரை" என்றாள் தையல்காரி.

கொழுந்தன் இத்தனை வருடத்தில் எத்தனையோ குற்றவாளிகளைக் கற்பனை செய்திருக்கிறான். யாரும் இவ்வளவு சாதாரணமாக, சட்டைப்பையில் பேனாவோடு நின்றதில்லை.

அன்றே போலீஸ் வந்தது. உடலில் படிந்த அலுமினியத்தை இழுத்து வெளியேற்ற மருந்து தொடங்கினார்கள். மூன்றாம் மாதம் தையல்காரியின் கணவர் அவளைத் தெளிவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பின்னறையில் பாதிக்கப்பட்ட மற்ற இருவரில் ஒருவர் அதற்குள் இறந்துபோயிருந்தார்.