விரலை எடுக்காதீங்க, சித்தி

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஜட்கா பிடித்து, அடி அண்ணாமலையில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. ஐப்பசி மழை. மலையில் பாதி மேகத்துக்குள் போயிருந்தது. அக்கா ராணியம்மாள் வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றாள்.

"வேதா சரியா சாப்பிடறதே இல்ல, நீ வந்தா தேறிடுவா" என்று ஆள் விட்டிருந்தாள். எனக்குக் குழந்தை இல்லை. புருஷன் போன பிறகு நானும் என் தையல் மெஷினும்தான். அக்கா மகள் வேதா என்றால் எனக்கு உயிர். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவேன். அப்படி ஒரு பைத்தியக்காரி நான்.

வீட்டில் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. உள்ளே குளத்துப் பாசி வாடை அடித்தது.

"எங்கயாவது ஒழுகுதா, அக்கா?"

"மழைதானே" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

வேதா கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். பத்து வயசுப் பிள்ளை, கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போயிருந்தது. மடியில் மூடிய புத்தகம். அதற்குள் இடது கை ஆள்காட்டி விரல்.

அந்தப் புத்தகம் நான் வாங்கிக் கொடுத்ததுதான். போன தீபத்துக்குத் தேரடிக் கடையில் வாங்கினேன். மற்ற கதைப் புத்தகம் மாதிரி நேராகப் படித்துக்கொண்டே போக முடியாது. மாய மலைக்குப் போகும் இளவரசி ஒவ்வொரு வாசலிலும் நின்று, படிக்கிற பிள்ளையைக் கேட்பாள். தங்க வாசலில் நுழைவதென்றால் இந்தப் பக்கம், தண்ணீர் வாசலில் நுழைவதென்றால் அந்தப் பக்கம். தப்பான வாசலில் நுழைந்தால் பூதம் விழுங்கிவிடும், கதை முடிந்தது.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? கேள்வி கேட்ட பக்கத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தை எட்டிப் பார்ப்பார்கள். பூதம் வந்தால் விரல் இருக்கிற இடத்துக்கே திரும்பிவிடலாம். வேதாவும் எதிர்வீட்டுப் பொன்னியும் தலையோடு தலை முட்டிக்கொண்டு படிப்பார்கள். ஒருத்தி விரலை வைப்பாள், ஒருத்தி உள்ளே போவாள். "விரல எடுத்துடாதடி!" என்று பொன்னி கத்துவதைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

புரட்டாசியில் பொன்னி தெருக்கோடிக் குளத்தில் விழுந்து செத்துப்போனாள். சாவுக்கு நானும் வந்து அழுதேன். அவள் விழுந்தபோது வேதா பக்கத்தில் இருந்தாள் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. இப்போது அடுப்படியில் வைத்து அக்கா கிசுகிசுத்தாள்.

"புஸ்தகத்துல இருக்கறத நெசமாவே ஆடிப் பாத்திருக்குதுங்கடி. இவ விரலை வச்சுக்கினு படியில குந்திக்கினா. அவ தண்ணி வாசல்னு சொல்லிக்கினு எறங்கிட்டா. வழுக்கி விட்டுச்சு. இவ பயத்துல புஸ்தகத்தை அங்கயே போட்டுட்டு ஓடியாந்துட்டா. வெளக்கு வைக்கற வரைக்கும் வாயே தொறக்கல."

"அப்போ புஸ்தகம் இங்க எப்படி?"

"மறுநாள் பாய்க்கடியில இருந்துச்சு. அத்தினி மழையில நனையக்கூட இல்ல. அன்னிலேர்ந்து விரலை எடுக்க மாட்டேங்கறா. ஒருவாட்டி நாந்தான் பலவந்தமா புடுங்கினேன். கொஞ்ச நேரத்துல ஆளக் காணோம். ஓடிப் பாத்தா, குளத்துல கழுத்து வரைக்கும் தண்ணியில நிக்கறா. மணிக்கட்டுல சின்னச் சின்ன விரல் தடம், கன்னிப்போயி."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போதும் நிறுத்து! புள்ளய டாக்டர்கிட்ட காட்டாம பேய்க்கதை பேசிக்கினு இருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல?"

கூடத்துக்குப் போய் வேதா பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதிவிட்டேன். அவள் என் தோளில் சாய்ந்தாள்.

"சித்தி, கை ரொம்ப வலிக்குது. கொல்லைக்குப் போய்ட்டு வந்துடறேன். ஒரு நிமிஷம் நீங்க விரலை வச்சுக்கறீங்களா?"

"தாராளமா குடுடி, கண்ணு."

வலது கையை நீட்டினேன்.

"எடது கைய வைங்க சித்தி. சோறு துன்ன சோத்தாங்கை வேணும்ல?"

என் மேல் எவ்வளவு அக்கறை என்று பூரித்துப்போனேன். ஒரு நிமிஷத்துக்கு எதற்குச் சோறு என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் விரலை உருவ, நான் என் விரலை வைத்தேன். தாள் ஜில்லென்றிருந்தது.

வேதா எழுந்தாள். கொல்லைப் பக்கம் போகவில்லை. வாசலுக்கு ஓடினாள்.

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

அக்கா எப்போது வெளியே போனாளோ, ஜன்னல் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அவள் பின்னால் நான் வந்த ஜட்கா இன்னும் போகாமல் வாசலிலேயே நின்றது. அதில் பெட்டியும் படுக்கையும் ஏற்றியிருந்தது.

"அக்கா! கதவைத் தொற! தெரிஞ்சேதான் என்னைக் கூப்பிட்டியா?"

"மன்னிச்சுடு, கஸ்தூரி. எனக்கு இவ ஒருத்திதான். உனக்குப் பின்னாடி யாரு இருக்கா சொல்லு?"

பெற்ற தாய்கூட என்னை அப்படிக் கேட்டதில்லை. வேதாவைப் பார்த்தேன். வண்டியில் உட்கார்ந்து தன் விரலை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. வீடு இருட்டிக்கொண்டு வந்தது.

அடுப்படியிலிருந்து ஈரக் காலடி.

சின்னக் காலடி.

பாசி வாடை மூக்கை அடைத்தது. கூடத்து நடுவில் வந்து சத்தம் நின்றது. அங்கே யாருமில்லை. தரை மட்டும் நனைந்திருந்தது.

புத்தகத்துக்குள் என் விரலை இன்னொரு விரல் வளைத்துப் பிடித்தது.

"சித்தி, நீங்க விரல எடுத்துட மாட்டீங்கல்ல?"

எடுத்தால் அது யாரைத் தேடிப் போகும் என்று தெரியும். இவ்வளவு செய்த பிறகும் வேதாவின் முகம்தான் கண்ணில் நின்றது.

"எடுக்க மாட்டேன்டி, பொன்னி" என்றேன்.

மறுநாள் பால்காரர்தான் கதவைத் திறந்துவிட்டார். அக்கா எல்லோரிடமும் எனக்குச் சித்தபிரமை என்று சொல்லிவிட்டாளாம். சென்னைக்கே குடி போய்விட்டார்கள். ஒரு கையால் தைக்க முடியுமா? மெஷினை விற்றேன். பத்து வருஷத்துக்கு மேலாகப் புத்தகத்தைக் கையோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு தூங்குகிறேன். அக்கா ஒரு கடுதாசி போட்டதில்லை. வேதா ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்ததில்லை. வளர்ந்து பெரியவளாகியிருப்பாள். வயிறு எரிகிறது. அதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

இன்று காலை புத்தகத்துக்குள் என்னவோ துருத்திக்கொண்டிருந்தது. உருவிப் பார்த்தேன். மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. மலையடிவாரத்துப் பெரிய கோவிலில் கல்யாணம். அக்கா பெயர், மாப்பிள்ளை வீட்டார் பெயர், யார் யாரோ பெயரெல்லாம் இருந்தது. என் பெயர் இல்லை. யாரும் எனக்கு அதைக் கொண்டுவந்து கொடுக்கவும் இல்லை.

மணமகள் வேதாவின் பெயர் மேல் மட்டும் சின்னதாய் ஈர விரல் தடம். விசிறிப் பார்த்தேன், அடுப்புப் பக்கம் காட்டிப் பார்த்தேன். காயவில்லை.

என் விரலைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக.

"சித்தி, இப்பவாவது எடுக்கறீங்களா?"

விரல் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. முகூர்த்தம் நாளைக் காலை.