பாறையின் வெதுவெதுப்பு

காலையில் அந்தப் படத்தில் மூன்று வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. தங்கை மூன்றையும் மை வைத்து மூடிவிட்டுக் குளிக்கப் போனாள். தலையைத் துவட்டிக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது பதினொன்று இருந்தன.

"அக்கா, இது மேல நீ எதாவது தெளிச்சியா?"

"நான் ஏன் தெளிக்கிறேன்? உன் தலையிலேர்ந்து சொட்டியிருக்கும்."

"நான் இப்பத்தான் வரேன். சொட்டு என்ன ரெக்கை கட்டிக்கிட்டு எனக்கு முன்னாடி வந்துச்சா?"

அக்கா குனிந்து பார்த்தாள். செங்குத்தான பாறை ஒன்றின் கறுப்பு வெள்ளைப் படம். பாறையின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் வெடிப்பை ஒட்டிப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. நெகட்டிவில் தூசி ஒட்டியிருந்தால் படத்தில் அது வெள்ளைப் புள்ளியாக விழும். விழுந்தது விழுந்ததுதான், அதன் பிறகு கூடுவதோ குறைவதோ இல்லை. இத்தனை வருடத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

இன்னொன்றும் இருந்தது. காய்ந்த படத்துக்கு வாசனை இருக்கக்கூடாது. இதற்கு இருந்தது.

"சரி, மூடிடு. நாலு மணிக்கு படத்துக்கு சட்டம் போடுறவர் வந்துடுவாரு," என்றாள்.

தங்கையை வீட்டில் சுண்டு என்று கூப்பிடுவார்கள். சுண்டுவிரல் கனம்தான் இருப்பாள். நாளை திறக்கப்போகும் கண்காட்சிக்காக, அலுவலகத்தில் பத்து நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அக்காவின் முதல் கண்காட்சி. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் சுவரை இந்தப் பாறைக்கென்றே காலியாக வைத்திருந்தார்கள்.

சுண்டு ஜன்னலோரம் மேசையில் உட்கார்ந்து, நாலே முடி உள்ள பிரஷ்ஷை எடுத்தாள். நுனியை நாக்கில் வைத்து உருட்டிக் கூராக்கினாள். மையில் தொட்டாள். ஒரு புள்ளியை மூடினாள். மறுபடி நாக்கு. தண்ணீரைவிட எச்சிலில்தான் மை சீராக உட்காரும். இந்த வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அக்கா சொல்லிக்கொடுத்ததுதான்.

"வாய்ப்புண் ஆறிடுச்சா?"

"இல்ல. மாத்திரைக்கே டிமிக்கி குடுக்குது. உன் மலை ஒரே உப்புக்கா. ஓசியில ஊறுகாய்."

சிரித்தாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மைக்கு உப்பு கிடையாது.

அந்தப் பாறைக்கு எதிரே அவள் மூன்று நாள் கூடாரம் போட்டுக் கிடந்தாள். மூன்றாம் நாள் பிற்பகலில் மேகம் ஒரு பக்கமாகக் கிழிந்து, பக்கவாட்டிலிருந்து வெயில் பாறை மேல் அடித்தது. நான்கே நிமிடம். அதுவரை மொட்டையாக நின்ற பாறையில் ஒவ்வொரு சுருக்கமும் மடிப்பும் எழுந்து நின்றது. பெரிய மரக் கேமராவில் நோட்டுப்புத்தகப் பக்கம் அளவு பிலிமைப் போட்டு எடுத்தாள்.

முந்தைய பயணத்தில் எடுத்ததெல்லாம் வீட்டுக்கு வந்து பார்த்தபோது வீணாகிப் போயிருந்தது. அதற்குப் பிறகு, இடத்தை விட்டுக் கிளம்பும் முன்பே பிலிமைக் கழுவிப் பார்ப்பது என்று ஒரு பழக்கம் வைத்திருந்தாள். அன்றும் கூடாரத்தை இருட்டாக்கி வேலையை ஆரம்பித்தாள். கடைசி அலசலுக்குத் தண்ணீர் போதவில்லை. குடிக்க வைத்திருந்தது ஒரே ஒரு புட்டி.

பாறையின் அடியில், அந்த வெடிப்பு முடியும் இடத்தில், தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. பாத்திரத்தைப் பிடித்தாள். மலைத் தண்ணீர் கையைக் கடிக்கிற மாதிரி இருக்கும். இது உடம்புச் சூட்டில் இருந்தது. கைக்குட்டையால் வடிகட்டி, துணியை எடுத்தபோது பாத்திரத்துக்கும் துணிக்கும் நடுவே நூல் நூலாக நீண்டு, தொய்ந்து, அறுந்தது. பல் தேய்க்காத வாயைக் கிட்டத்தில் திறந்தது போல ஒரு வாடை. மூக்கைத் திருப்பிக்கொண்டு, அதில்தான் பிலிமை அலசினாள்.

வீட்டுக்கு வந்ததும் சுண்டு கேட்ட முதல் கேள்வி, "தண்ணிக்கு என்னக்கா பண்ணின?" சுண்டு அடுத்தவர் தம்ளரில் வாய் வைக்க மாட்டாள். தெரிந்தால் படத்தைத் தொடக்கூட மாட்டாள்.

"குடிக்கிற தண்ணிலதான் கழுவினேன்," என்று சொல்லியிருந்தாள்.

மூன்று மணிக்கு மேல் சுண்டு உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "அக்கா, இதோட மல்லுக்கட்ட முடியல. ஒண்ணை மூடினா ரெண்டு வருது."

"விட்டுடு. வேற பிரிண்ட் போடுறேன்."

"போடு, போடு. கொஞ்சம் இருக்கு, முடிச்சிடுறேன்." சொற்கள் கொழகொழவென்று வந்தன. புண்தான் காரணம் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

குளியலறைக்குப் பக்கத்திலிருந்த சின்ன அறைதான் இருட்டறை. கதவிடுக்கில் கறுப்புத் துணியைத் திணித்துவிட்டுச் சிவப்பு விளக்கைப் போட்டாள். மருந்தின் வழக்கமான வினிகர் நெடி இருந்தது. அதற்கு அடியில் அந்த இன்னொரு வாடை, ஈரத்துண்டைச் சுருட்டி வைத்து மறந்தது போல, கனமாக, கொஞ்சம் இனிப்பாக, மூச்சை இழுக்கும்போதெல்லாம் தொண்டையின் பின்புறத்தில் ஒரு படலமாக வந்து ஒட்டியது.

நெகட்டிவைக் காகிதத்தின் மேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தினாள். இரண்டும் ஒட்டினால்தான் படம் விழும். இரண்டின் மேலும் பூசியிருப்பது ஜெலட்டின். மாட்டின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. தண்ணீரைக் கொடுத்தால் குடித்து உப்பிப்போகும், காய்ந்தால் சுருங்கும். கல்லூரியில் படித்ததுதான். தோலின் மேல் தோலை அழுத்துகிறோம் என்று இதுவரை ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதில்லை. இன்று தோன்றியது.

வெளிச்சம் காட்டிவிட்டுக் காகிதத்தைத் தட்டிலிருந்த மருந்தில் நழுவவிட்டாள். தட்டை ஆட்டினாள். பாறை மெல்ல எழுந்து வந்தது. முதலில் வெடிப்பு, அப்புறம் மடிப்புகள், கடைசியில் கறுத்த வானம். படத்தை இடுக்கியால் பிடித்தபோது பாலாடை போல மேற்பரப்பு மட்டும் வழுக்கி ஒரு பக்கமாகச் சுருண்டது. விரலால் நீவிச் சரிசெய்யப் பார்த்தாள். மருந்து சூடாக இருந்தது. காலையில் குளிர்ந்த தண்ணீரில் கலக்கிய மருந்து.

உடம்புச் சூடு.

காகிதத்தைச் சிவப்பு விளக்குக்குக் கீழே பிடித்தாள். வெடிப்பு அகன்றிருந்தது. காலைப் படத்தில் நூல் கனம். இதில் விரல் நுழையும் அகலம். ஒரே நெகட்டிவ். நெகட்டிவ் மாறாது. மாற முடியாது.

காகிதத்தைப் போட்டுவிட்டு நெகட்டிவை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். வழவழவென்று இருக்க வேண்டிய பக்கம் உப்பியிருந்தது. அதன் மேல் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள். நெருக்கமாக. வரிசையாக. இதை எங்கேயோ பார்த்திருக்கிறாள். தினமும் பார்க்கிறாள். கண்ணாடி முன்னால், பல் தேய்க்கும்போது, வாயைத் திறந்து.

நாக்கு.

நெகட்டிவ் அவள் விரலில் ஒட்டிக்கொண்டது. உதறினாள். விழவில்லை. உதறினாள். அது பிரியும்போது நூல் நூலாக நீண்டது.

"சுண்டு! பிரஷ்ஷை வாயில வைக்காதே!"

கதவை உள்ளேயிருந்து கையால் அறைந்தாள்.

"சுண்டு! கேக்குதா? நான் பொய் சொல்லிட்டேன். அது குடிக்கிற தண்ணி இல்ல. பாறையிலேர்ந்து வந்த தண்ணி. துப்பு! எல்லாத்தையும் துப்பிடு!"

வெளியே ஒரு சத்தம். சாப்பாட்டுத் தட்டை வழிக்கிற சத்தம். மெதுவாக. நிறுத்தி நிறுத்தி. ஈரமாக.

கறுப்புத் துணியைப் பிய்த்தெறிந்து கதவைத் திறந்தாள். பகல் வெளிச்சம் கண்ணில் குத்தியது. ஜன்னலோரம் சுண்டு அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பிரஷ் தரையில் கிடந்தது. மைக்குப்பி மூடியிருந்தது. சுண்டுவின் தலை மேசையோடு மேசையாகக் கவிழ்ந்திருந்தது. மேலிருந்து கீழே. மேலிருந்து கீழே. கன்றை நக்கும் பசுவின் தலை போல.

"என்னடி பண்ற?"

"பிரஷ் பத்தலக்கா."

குரல் வாயிலிருந்து வரவில்லை. ஆழமான ஏதோ ஒன்றின் அடியிலிருந்து, கசிந்து வந்தது.

அவள் சுண்டுவின் தோளைப் பிடித்து இழுத்தாள். மேசை மேலிருந்த காகிதத்தில் பாறை இல்லை. வானம் இல்லை. வெறும் வெள்ளைத் தாள், நனைந்து, விளிம்பில் மட்டும் எச்சில் நுரை கட்டி. வாடை முகத்தில் அறைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"வாயைத் திற. காட்டு. ஒண்ணும் இல்ல. டாக்டர்ட்ட போயிடலாம். காட்டுடா கண்ணு."

சுண்டு கீழ்ப்படிந்தாள். சின்ன வயதில் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கும்போது திறப்பது போலவே, கண்ணை மூடிக்கொண்டு, முடிந்தமட்டும் அகலமாகத் திறந்தாள்.

உள்ளே சிவப்பு என்பதே இல்லை.

சாம்பல். கறுப்பு. வெள்ளை. நாக்கு முழுக்க மடிப்புகள், வெட்டுகள், விளிம்புகள், ஒவ்வொன்றும் தன் நிழலோடு எழுந்து நின்றது. வெளியே மப்பு போட்டிருந்தது. ஜன்னலில் வெயிலே இல்லை. ஆனால் அந்த நாக்கின் மேல் பக்கவாட்டிலிருந்து வெயில் அடித்தது. அந்த வெயில். அந்த நான்கு நிமிடம். நடுவே வெடிப்பு, மேலிருந்து கீழாக, மூச்சுக்கு ஒருமுறை அகன்று, மூச்சுக்கு ஒருமுறை குறுகி. அதன் அடியிலிருந்து வெதுவெதுப்பாக, நூல் நூலாக, மோவாய் வழியே, சுண்டுவின் சட்டைக் கழுத்துக்குள்.

போனை எடுக்க வேண்டும். ஆம்புலன்ஸ். தண்ணீர். யாராவது.

அவள் அசையவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு அழகான வெளிச்சத்தை அவள் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள்.

சுண்டு வாயை மூடவில்லை. உதடு அசையவில்லை. ஆனாலும் வெடிப்புக்குள்ளிருந்து குரல் வந்தது. தங்கையின் குரல்தான். அன்பாக. அவசரமாக.

"வெளிச்சம் போறதுக்குள்ள எடுத்துக்கோக்கா."

வாசலில் அழைப்பு மணி அடித்தது. சட்டம் போடுகிறவர். நான்கு மணி.

அவள் கை பின்னால் போனது. அலமாரியைத் துழாவியது. கேமராவின் குளிர்ந்த விளிம்பு விரலில் பட்டது. அவளுக்கு எதிரே, தாடை எலும்பு மெல்ல முறிகிற ஓசையோடு, வாய் இன்னும் அகலமாகத் திறந்துகொண்டிருந்தது.