விளாங்காய்க் கடம்பு

வனத்துறை விஞ்ஞானி கோதை நட்ட கடம்பு விதை ஒவ்வொன்றும் விளாங்காய் பருமன் இருந்தது. இயற்கை கடம்புக்குக் கொடுத்த விதையோ வெறும் மூக்குப்பொடி. அதில் முளைக்கும் நாற்றுக்குக் கையிருப்பு கிடையாது, ஒரு வெயிலுக்கே சுருண்டுவிடும். கோதையின் கருவியான வித்துப்பெருக்கி மரபணுவையே திருத்தி, விதைக்குள் மாவைத் திணித்து அனுப்பியது. பனி ஈரம் போதும், முளைத்துவிடும். பிறகு தன் கட்டுச்சோற்றைத் தின்றுகொண்டே மொட்டைமலையிலும் வேரை ஆழத்துக்கு இறக்கிவிடும்.

ஆனால் குழிகள் காலியாகிக்கொண்டே இருந்தன. முள்ளம்பன்றியின் வேலை என்று நினைத்தாள்.

"பன்னியெல்லாம் எப்பவோ செத்துப்போச்சும்மா," என்றான் மலைக் காவலாளி தளவாய். "கீழ பஞ்ச முகாம்ல வெதையத் தோண்டியாந்து அவிச்சுத் திங்காங்க. ரேஷன் நின்னுபோச்சுல்லா."

கோதை முகாமுக்கே போய்ச் சண்டை பிடித்தாள். சட்டியைக் கிளறிக்கொண்டிருந்த சுடலி அசரவில்லை.

"மரம் வந்தாத்தான் மழை வரும். புரியுதா உங்களுக்கு?"

"வரட்டும் தாயி. அதுவரைக்கும் நாங்க உசுரோட கெடக்கணும்லா?"

கோதை ஆத்திரத்தோடு மலைக்குத் திரும்பினாள். அந்த ஆத்திரம்தான் அவளைக் கெடுத்தது. அடுத்த விதைப்பில் மரபணுவிலேயே எட்டிக்காயின் நஞ்சைச் சேர்த்தாள். அவித்தாலும் ஊறவைத்தாலும் போகாத நஞ்சு. எச்சரிக்கைப் பலகையும் மறக்காமல் வைத்தாள். சுடலிக்குப் படிக்கத் தெரியாது. முகாம் காலியானது, மலை பச்சையானது, கோதைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

மழை மட்டும் வரவில்லை. கடம்புகள் காய்த்த ஆண்டில் பட்டினி நகரத்துக்கும் வந்து சேர்ந்தது. கோதையின் மகள் இன்பாவின் கைகள் குச்சியாகிவிட்டன. துறைச் செயலர் தொலைபேசியில் கெஞ்சினார்.

"ஊருக்கே சோறு போடுற அளவு அங்க கொட்டிக் கிடக்கு மேடம். அந்த நஞ்சை மட்டும் எடுத்துக் குடுங்க."

எடுக்க முடியாது. யாரும் பிரித்துத் தின்ன முடியாதபடிதான் அவள் அதைச் செய்திருந்தாள்.

நஞ்சில்லாத பழைய நாற்றுகளில் ஒன்றாவது தப்பி மரமாகியிருக்கும் என்ற நப்பாசையில், மகளையும் கூட்டிக்கொண்டு மலையேறினாள். தளவாய் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"ஒண்ணையும் விடலம்மா. அது நின்னா ஆளுக திங்க வந்து வந்து பாக்கும்னு நீங்கதான கூடவே நின்னு வெட்டச் சொன்னிய?"

"அம்மா, இதச் சாப்பிடலாமா?"

இன்பா இரண்டு கைகளாலும் ஒரு விதையை ஏந்தியிருந்தாள். கோதை அதைத் தட்டிவிட்டாள், வலிக்கும்படியே தட்டிவிட்டாள். பிள்ளை அழவில்லை. அழத் தெம்பில்லை. சுற்றிலும் உதிர்ந்து கிடந்த விதைகள் மட்டும் ஒன்றுவிடாமல் கொழுகொழுவென்று முளைத்திருந்தன.