பதினோரு வாரம் நின்ற தண்ணீர்

பதினோரு வாரமாகப் பூட்டிக் கிடந்த வீட்டில் குளியலறைக் கண்ணாடி வியர்த்திருந்தது. பெவர்லி தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. மெயின் வால்வை இப்போதுதான் திறந்தாள். பாய்லரை இன்னும் போடவே இல்லை.

இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் அவள் வாடகைக்கு விடும் வீடு அது. முன்பு குடியிருந்த வில்ஃப் இருமி இருமியே மார்ச்சில் போய்ச் சேர்ந்தார். நிமோனியா என்றார்கள். தண்ணீரை யாரும் சோதிக்கவில்லை. எரிவாயுச் செலவுக்கு அஞ்சி, அறுபது டிகிரியில் இருக்க வேண்டிய வெந்நீர்ச் சூட்டை நாற்பத்தைந்துக்கு இறக்கி வைத்தவள் பெவர்லிதான். அந்த வெதுவெதுப்பில்தான் நிமோனியா தரும் கிருமி குடித்தனம் நடத்தும் என்று ஆய்வுப் படிவத்திலேயே போட்டிருந்தது. படித்துவிட்டுத்தான், 'அறுபது' என்று எழுதிக் கூசாமல் கையெழுத்துப் போட்டாள். இப்போது கூசியது.

கீழே புதிதாகக் குடிவரும் ஷானன், இடுப்பில் கைக்குழந்தையோடு பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"தண்ணியெல்லாம் பாத்தாச்சுல்ல பெவர்லி? பாப்பாவுக்கு நெஞ்சு வீக்குங்க."

"எல்லாம் பக்கா, கண்ணு! நானே இதுல குளிப்பேன்னா பாத்துக்கோ."

"அப்ப மொதல்ல நீங்களே குளிங்க!" ஷானன் சிரித்தாள்.

தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடும்போது அதன் சாரலைச் சுவாசிக்கக் கூடாது. அதனால் பெவர்லி ஷவரின் தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டி, ரப்பர் பேண்டால் இறுக்கி, பையின் ஒரு மூலையைக் கத்தரித்துவிட்டுத் திறந்தாள். பழுப்பாகக் கொட்டியது. துருவும் பாசியும் கலந்த வாடை தொண்டைவரை இறங்க, சுவருக்குள் ஓடும் குழாயில் எங்கோ யாரோ சளியைச் செருமுவது போன்ற கரகரப்பு மெல்ல மெல்ல நெருங்கி வந்தது. வெடுக்கென்று மூடினாள்.

தண்ணீர் நின்றது. பை சுருங்கியது.

பிறகு உப்பியது.

சுருங்கியது. உப்பியது.

காற்றுதான். வேறென்ன.

பை சுருங்கும்போது அவள் மூச்சு வெளியே போனது. அது உப்பும்வரை உள்ளே வரவில்லை. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

படிகள் முனகின.

"இங்கதான் இருக்கீங்களா? இது எதுக்கு, பை?"

தொடாதே என்று கத்த வேண்டும். நான் பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். பை சுருங்கிப்போய் அப்படியே நின்றது. பெவர்லியிடம் ஒரு சொல்லுக்கான காற்றுகூட இல்லை.

ஷானன் பையை உருவினாள். ஷவரிலிருந்து வெள்ளையாய் ஓர் ஆவி இறங்கி, ஷானனை விட்டு, பெவர்லியை விட்டு, இடுப்பில் இருந்த குழந்தையின் முன் நின்றது.

குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.

ஆவி முழுவதும் உள்ளே போனது.