எட்டானின் ஐந்து கைகள்

எட்டானுக்கு ஒரே பெயர் கிடைத்த அன்று ‘நீரடி’ தளத்தில் பல வருடச் சண்டை ஓய்ந்தது.

எட்டான் என்பது ‘நெய்தல் நிலையம்’ தொடரில் வரும் எந்திர ஆக்டோபஸ். மன்னார் வளைகுடாவின் அடியில் குடியேறிய மனிதர்களின் கதை அது. அந்தத் தொடரின் ரசிகர்கள் தாங்கள் வரைந்த படங்களை ஏற்றிவைக்கும் இடம்தான் நீரடி. ஏற்றியவர்கள் ஆளுக்கொரு குறிச்சொல் போட்டார்கள். ஒருவருக்கு எட்டான், இன்னொருவருக்கு எட்டண்ணன், வேறொருவருக்கு எண்கரன். ஒரு பெயரில் தேடினால் மற்றப் பெயர்களில் கிடக்கும் படங்கள் அகப்படவே மாட்டா.

குறிச்சொற்களைச் சரிபார்க்கும் பொறுப்பை வடிவு ஏற்றிருந்தாள். தூத்துக்குடியில் ஒரு கூரியர் அலுவலகத்தின் மேலாளர். பார்சல் வேறு ஊருக்குப் போய்விட்டால் அன்று முழுக்கச் சோறு இறங்காத சுபாவம். நீரடியிலும் அப்படியே இருந்தாள். எண்கரன் கட்சிக்காரர்கள் அவளைச் சர்வாதிகாரி என்றார்கள். அவர்கள் குறிச்சொல்லை அவள் மாற்றுவாள், அவர்கள் திரும்ப மாற்றுவார்கள். கடைசியில் உறுப்பினர்கள் எல்லாரும் சேர்ந்து ‘ஒருபெயரி’ என்ற எந்திரத்தைக் கொண்டுவர வாக்களித்தார்கள்.

அந்த எந்திரம் அதற்குள் ஊரெல்லாம் நுழைந்துவிட்டிருந்தது. மீன் ஏலக்கூடத்தில் ஒரே மீனுக்குப் பெயர் சாளையா மத்தியா என்ற தகராறை அது தீர்த்திருந்தது. ரயில் நிலையத்தில் தொலைந்த பைகளை அது அடையாளம் கண்டது. பழைய எந்திரங்கள் ஒரு படத்தைப் பார்த்து ‘இது என்ன?’ என்று கேட்டுக்கொள்ளும். ஒருபெயரி ‘இது எதைப்போல இருக்கிறது?’ என்று கேட்டது. ஒன்றுபோல இருந்தால் ஒரே பெயர், வேறாக இருந்தால் வேறு பெயர். யார் கெஞ்சினாலும் விதியைத் தளர்த்தாது.

நீரடியின் படங்கள் அனைத்தையும் அது ஒரு மதியத்துக்குள் பார்த்து முடித்தது. எட்டான் எட்டானாக மட்டும் ஆனான். வடிவுக்கு உட்கார்ந்து அழவேண்டும் போல் அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி கொஞ்ச நாள்தான் நிலைத்தது. ‘மோத்தா’ என்ற வரைஞரின் புதுப் படங்களில் மட்டும் ஒருபெயரி கூடுதலாக ஒரு குறிச்சொல் போட்டது: ‘இடப்பக்கக் கைகள் இல்லை’.

ரசிகர்கள் கொதித்தார்கள். மோத்தாதான் தளத்திலேயே பேர்போன வரைஞர். அவருடைய எட்டான் பாதி இருளில் கரைந்து, வலப்பக்கம் மட்டும் ஐந்து கைகளோடு எழுந்து வருவான். அதை ‘மோத்தா பாணி’ என்று கொண்டாடி, பலர் அதேபோல் வரையப் பழகியிருந்தார்கள். கலை தெரியாத எந்திரம் என்று ஒருபெயரியைத் திட்டி நூற்றுக்கணக்கில் கருத்துகள் விழுந்தன.

வடிவு அலுவலக இடைவேளையில் எந்திரத்திடமே கேட்டாள். “மோத்தாவைப் பார்த்து வரைஞ்சவங்க படத்துலயும் அஞ்சு கைதான் இருக்கு. அவங்களுக்கு ஏன் இந்தக் குறிச்சொல் போடலை?”

“அவர்களுடைய படங்களில் கைகள் மறைக்கப்பட்டிருக்கின்றன” என்றது ஒருபெயரி. “மறைத்த கைக்கு இருளில் இடம் விட்டிருக்கிறார்கள். மோத்தாவின் படத்தில் இடமே இல்லை. இருளும் இல்லை. அங்கே எதுவுமே வரையப்படவில்லை. அதை இருள் என்று நினைத்துக்கொள்வது பார்ப்பவர்கள்தான்.”

வடிவு படத்தைப் பெரிதாக்கினாள். அந்தக் கருமை மோத்தா பூசியதே அல்ல. வரையாமல் விட்ட இடத்தில் தெரிந்த தளத்தின் பின்னணி நிறம். மோத்தாவின் பழைய படங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முதலில் எட்டுக் கை. பிறகு இடக்கோடியில் ஒரு கை மெலிந்தது, பிறகு காணாமல் போனது. அப்புறம் இன்னொன்று. ஒருவர் வேண்டுமென்றே செய்தால் இப்படிச் சிறிது சிறிதாகவா செய்வார்?

மோத்தா யார் என்பது அவளுக்குத் தெரியும். ரசிகர் கூட்டமொன்றில் பேசியிருக்கிறாள். கஸ்பார் மோத்தா, துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டுகிறவர். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துத் துறைமேடையில் அணைக்கும் வேலை. அதை நினைத்ததும் வடிவு அவர் முகவரியைத் தேடி எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டுக்குப் போனாள். கஸ்பார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி மெட்டில்டா கதவைத் திறந்து, வந்தவள் யார் என்று தெரிந்ததும் இன்னொரு தட்டு எடுத்துவைத்தாள்.

“அந்த எந்திரத்தப் பத்திப் பேசத்தானே வந்திய, தங்கச்சி?” கஸ்பார் சிரித்தார். “எனக்குக் கோவமே இல்ல. அது சொன்னாச் சொல்லிட்டுப் போவுது.”

வடிவு தன் பலகைத்திரையை அவர் முன்னால் வைத்தாள். “அண்ணே, போன வாரம் போட்ட படம் இது. எட்டானுக்கு எத்தனை கைன்னு எண்ணிச் சொல்லுங்களேன்.”

“எட்டு. இதென்ன கேள்வி?”

“எண்ணிச் சொல்லுங்க.”

கஸ்பார் விரலை வைத்து எண்ணினார். ஐந்தில் நின்றது. முகம் சுருங்கியது. மறுபடி வலப்பக்கத்திலிருந்து தொடங்கினார். மறுபடியும் ஐந்தில் நின்றது.

“எட்டு வரைஞ்சேனே” என்றார் மெல்ல. “எனக்கு நல்லா நெனவு இருக்கு. முழுசாத்தான் வரைஞ்சேன்.”

வடிவு அவர் தட்டைப் பார்த்தாள். வலப்பாதி துடைத்ததுபோல் காலியாக இருந்தது. இடப்பாதியில் சோறும் பொரித்த மீனும் தொடாமல் கிடந்தன. அவள் எங்கே பார்க்கிறாள் என்பதை மெட்டில்டாவும் கவனித்துவிட்டாள்.

“இப்பம் கொஞ்ச நாளாவே இப்படித்தாம்மா” என்றாள். “மீன் வைக்கலியான்னு கேப்பாரு. வச்சிருக்கேன்லா, கண்ணு தெரியலியான்னு நான் ஏசுவேன். தட்டத் திருப்பி வச்சா எடுத்துத் தின்பாரு. வேணுமின்னே வம்பு பண்ணுதாருன்னு நெனச்சேன்.”

“படகுல ஏதாச்சும் ஆச்சா, அண்ணே?”

கஸ்பார் கையைக் கழுவ எழுந்தவர் அப்படியே நின்றார். “ரெண்டு வாட்டி கப்பல் மேடைச் சுவத்துல ஒரசிட்டு. நீரோட்டம் இழுக்குன்னு சொல்லி வச்சேன்.” மறுபடி உட்கார்ந்து, “இடப்பக்கம்தான்” என்றார்.

மெட்டில்டா தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“நாளைக்கு நிலக்கரிக் கப்பல் ஒண்ணு வருது” என்றார் கஸ்பார்.

“நீங்க போவக் கூடாது.” என்றாள் மெட்டில்டா. “எனக்குச் சத்தியம் பண்ணுங்க.”

அவர் போகவில்லை. அன்று மாலையே மேலதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து, எந்திரம் சொன்னதையும் தான் எண்ணியதையும் ஒளிக்காமல் சொன்னார். மறுநாள் நிலக்கரிக் கப்பலை வேறொருவர் இழுத்தார். கஸ்பாரும் மெட்டில்டாவும் மதுரைக்குக் கிளம்பினார்கள்.

மூளையின் வலப்பக்கத்தில், அதை மூடிய உறையை ஒட்டி ஒரு கட்டி இருந்தது. கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றார் மருத்துவர். இடப்பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே மூளை மெதுவாக மறந்துகொண்டு வந்திருக்கிறது. மறந்தது மறந்தவருக்குத் தெரியாது. கட்டி மெல்ல வளரும் சாதுவான வகை. இப்போதே வந்ததால் முழுதாக எடுத்துவிடலாம்.

எடுத்தார்கள். பொட்டுக்கூட மிச்சமில்லை என்ற செய்தி வந்தபோது வடிவு பார்சல்களுக்கு நடுவே நின்றிருந்தாள். கையிலிருந்த பார்சலை வைத்துவிட்டு நீரடியில் செய்தியைப் போட்டாள்.

நீரடியில் அன்று திருவிழா. எந்திரத்தைத் திட்டியவர்கள் அதற்கே மாலை போட்டுப் படம் வரைந்து ஏற்றினார்கள். ஒருபெயரி அவற்றுக்கு ‘மாலை’, ‘எந்திரம்’ என்று குறிச்சொல் போட்டது.

அதன்மேல் மதிப்பு கூடியதால், நெடுநாளாகத் தள்ளிப்போட்ட இன்னொரு வேலையையும் உறுப்பினர்கள் அதனிடமே ஒப்படைத்தார்கள். சிலர் பிறருடைய படங்களைத் திருடித் தங்கள் பெயரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இனி வரைஞர் பெயரையும் ஒருபெயரியே குறிக்கட்டும். கோட்டின் அழுத்தத்தையும் வளைவையும் ஒப்பிட்டு, ஒரே கைக்கு ஒரே பெயர் கொடுக்கட்டும். வாக்கெடுப்பில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை. திருட்டுகள் ஒரே நாளில் பிடிபட்டன.

கஸ்பார் வீடு திரும்பி, தலைக்கட்டு அவிழ்ந்ததும் எட்டானை வரைந்தார். எட்டுக் கைகளும் இருந்தன. மெட்டில்டா விரல் வைத்து இரண்டுமுறை எண்ணிவிட்டு முத்தம் கொடுத்தாள், படத்துக்கு. வடிவு முன்னிலையில் அதைத் தளத்தில் ஏற்றினார்கள்.

குறிச்சொற்கள் வந்து விழுந்தன. ‘எட்டான்’. ‘எட்டுக் கை’. ‘வரைஞர்: புதியவர்’.

“என்னது, புதியவரா?” என்றார் கஸ்பார்.

வடிவு எந்திரத்திடம் கேட்டாள். “இது மோத்தா வரைஞ்சது. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

“கை வேறு” என்றது ஒருபெயரி. “கோடு தொடங்கும் இடம் வேறு. அழுத்தம் வேறு. ஐந்து கை வரைந்தவர் இவர் அல்ல. அதற்கு முன் எட்டுக் கை வரைந்தவரும் அல்ல.”

“ஆள் ஒருத்தர்தான்.”

“ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. கை மட்டும்தான் தெரியும். ஒன்றுக்கு ஒரு பெயர் என்பது நீங்கள் கொடுத்த விதி.”

மெட்டில்டாவுக்கு மறுபடி பயம் வந்தது. “திரும்ப ஏதும் வளருதோ?” என்று வடிவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மதுரைக்குப் பேசினார்கள். மருத்துவர் திரைவழியாகப் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கட்டி போனபின் கை மாறாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும் என்றார். மெட்டில்டா மூச்சை விட்டாள். ஆனால் வடிவு விடுவதாக இல்லை. கஸ்பார் விஷயத்தில் மட்டும் எந்திரம் தடுமாறுகிறது என்று காட்டுவதற்காக, தளத்தின் எல்லா வரைஞர்களையும், ஏற்றிய முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை சோதிக்கும்படி அதற்கு உத்தரவிட்டாள்.

மறுநாள் நீரடியைத் திறந்தவர்கள் திகைத்துப்போனார்கள். ஒரே ஆளாக மிஞ்சியவர்கள் அபூர்வம். ஒருத்தி மூன்றாகப் பிரிந்திருந்தாள். கல்யாணத்துக்கு முன், பின், பிள்ளை பிறந்தபின் என்று அவளே எண்ணிப் பார்த்துச் சொன்னாள். ஒருவர் தன் அண்ணன் இறந்த மாதத்தில் இரண்டாகியிருந்தார். இன்னொருவருக்கு ஒரு வருடம் மட்டும் யாரோ வேறு ஆள் வரைந்ததாக வந்தது. அந்த வருடம் என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை.

எண்கரனுக்கும் எட்டானுக்கும் ஒரே பெயர் வேண்டும் என்று வருடக்கணக்கில் சண்டை போட்டவர்கள் அவர்கள். இப்போது தங்களுக்கே ஒரு பெயர் போதவில்லை என்று தெரிந்ததும், விதியைத் தூக்கிப்போடு என்று ஒரு பாதி கத்தியது. அப்படியானால் திருட்டு மறுபடி தொடங்கும் என்றது மறுபாதி. வடிவு என்ன செய்யப்போகிறாள் என்று எல்லாரும் கேட்டார்கள்.

அவள் கஸ்பாரிடம் கேட்டாள். கடற்கரைச் சாலையில் மெதுவாக நடைபழகிக்கொண்டிருந்தார் அவர். மருத்துவர் சொன்ன பயிற்சி. இடப்பக்கம் வரும் ஒவ்வொரு கம்பத்தையும் தொட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கவேண்டும்.

“அண்ணே, அந்த அஞ்சு கைப் படங்களை உங்க பேர்ல வைக்கவா, இல்ல தனியாவே விட்டுரவா? சொல்லப்போனா அதெல்லாம் நோய் வரைஞ்சது. சங்கடமா இருந்தா எடுத்தே போட்டுரலாம்.”

கஸ்பார் ஒரு கம்பத்தைத் தொட்டபடி நின்றார்.

“நல்லா இருக்கில்லா தங்கச்சி, அந்தப் படமெல்லாம்? நேத்து உக்காந்து ஒவ்வொண்ணாப் பாத்தேன். இப்பம் வரைய ஒக்காந்தா எனக்கு அப்படி வரமாட்டேங்கு.” சிரித்தார். “அதுக்காவ அந்தக் கட்டி திரும்ப வரட்டும்னு சொல்லல. மெட்டில்டா கொன்னுருவா.”

“அப்போ?”

“அஞ்சு கை வரைஞ்ச அந்த ஆளு தனக்கு நோய்னு தெரியாமலே, நோய் இன்ன எடத்துல இருக்குன்னு ஊருக்கெல்லாம் காட்டிட்டு இருந்திருக்கான். அவன் காட்டலைன்னா நான் செத்திருப்பேன். அந்தக் கப்பல்ல எத்தன பேரு செத்திருப்பாங்களோ? அவன நான் இல்லைன்னு எப்படிச் சொல்ல?”

வடிவு அன்றே எந்திரத்துக்கு முதல் விதிவிலக்கை எழுதினாள். வரைஞரின் பக்கத்தில் ஒரு பொத்தான் முளைத்தது: ‘இதுவும் நான்தான்’. கை வேறாக இருந்தாலும், அது தளத்தில் பிறர் கையோடு ஒத்துப்போகாமல், இரண்டும் ஒரே கணக்கிலிருந்து ஏறியிருந்தால், வரைந்தவர் அதை அழுத்திப் படத்தைத் தன் பெயரில் சேர்த்துக்கொள்ளலாம். ஒருபெயரி மறுக்கவில்லை. அப்படிச் சேர்ந்த படங்களின் கீழே ‘வரைந்தவர் சொற்படி’ என்று மட்டும் குறித்தது. தான் பார்த்து உறுதிசெய்யாத ஒன்றை எந்திரம் ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை.

கஸ்பார் முதலில் அழுத்தினார். பிறகு கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பிரிந்திருந்தவள். அண்ணனை இழந்தவர் கொஞ்சம் தயங்கி, மறுநாள் அழுத்தினார். வாரம் முடிவதற்குள் தளத்தின் பெரும்பகுதி மனிதர்களின் சொல்லை நம்பித்தான் நின்றது. சண்டை ஓய்ந்தது. படங்கள் மறுபடி வரத் தொடங்கின.

ஒரு வருடம் மட்டும் வேறு ஆளாகியிருந்த அந்த வரைஞர் பொத்தானைத் தொடவில்லை. அந்த வருடத்துப் படங்கள் நீரடியில் பெயரில்லாத புதியவர் ஒருவருடையதாக அப்படியே கிடந்தன. முறைப்படி வடிவு விளக்கம் கேட்டு எழுதவேண்டும். எழுதத் திரையைத் திறந்தாள். அந்தப் படங்களை ஒருமுறை முழுதாகப் பார்த்தாள். பின்பு எதுவும் எழுதாமலே வரிசையில் அடுத்திருந்த வரைஞரின் பக்கத்துக்குப் போனாள்.