பொய் சொன்னால் மங்கும் விளக்கு

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு பிணத்தின் கதை சொல்லப்போகிறேன். பயந்தால் என் முந்தானையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

"ஐயோ... அத்தை!"

மருமகளின் அலறல் மாடியையே உலுக்கியது.

ஹால் சோபாவில் மாமியார் கிடந்தார். கூப்பிட்டால் பதில் இல்லை. உலுக்கினால் அசைவில்லை.

பக்கத்தில் ஏணி. ஏணி உச்சியில் எலக்ட்ரீஷியன்.

சீலிங்குக்குள் பதித்த விளக்குகளை ரிமோட்டில் கூட்டிக் குறைக்கும் டிம்மர் மாட்ட வந்தவர். போன வாரம்தான் கீழ்மாடிப் பல் டாக்டரின் கிளினிக்கிலும் இதையே மாட்டியிருந்தார். காலையில் இந்த அம்மாவிடம் ரிமோட்டைக் கொடுத்து, தலையணைக்கு அடியில் வைத்து அமுக்கினாலும் வேலை செய்யும் என்று பெருமையடித்திருந்தார்.

இப்போது ரிமோட்டைக் காணவில்லை.

மருமகள் அழுதபடியே மாமியாரைப் போர்வையால் மூடினாள். மகன் போலீசுக்குப் போன் செய்தான்.

இன்ஸ்பெக்டர் வந்தார். பிணத்தைத் தொட்டால் அவருக்குத் தலை சுற்றும். அதனால் போலீஸ் டாக்டர் வரும்வரை தள்ளியே நின்றார்.

"கரண்ட் அடிச்சுக் கொன்னுட்டியா?"

"சார், நான் மேல நிக்கறேன். அம்மா கீழ. கரண்ட் என்னைத் தாண்டியா போகும்?"

"அதை ஜட்ஜ்கிட்ட சொல்லிக்க."

கைவிலங்கு மேஜையில் வந்து விழுந்தது. எலக்ட்ரீஷியன் ஏணியை இறுகக் கட்டிக்கொண்டார். தன்னை நம்பி வீட்டில் நாலு வயிறு இருக்கிறது என்று கெஞ்சினார்.

இன்ஸ்பெக்டர் மகனிடம் திரும்பினார். இத்தனை செலவு செய்து இந்த விளக்கு எதற்கு?

"அம்மாவுக்குக் கண் கூசும் சார். எல்லாம் அவங்களுக்காகத்தான்."

விளக்குகள் மங்கின.

வெளிச்சம் சரிபார்க்கத் திரைகளை இழுத்து மூடியிருந்தார்கள். பட்டப்பகலில் ஹால் பாதி இருட்டு.

மருமகள் முந்திக்கொண்டாள். "அத்தைன்னா எனக்கு உசிரு சார். ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல."

இன்னும் மங்கியது...

பொய் சொன்னால் விளக்கு மங்குகிறது என்று மகன் பயந்துபோனான். விளக்கு அம்மாவுக்காக இல்லையாம். வீட்டை விற்கப் போகிறானாம். வாங்க வருகிறவர்கள் வாயைப் பிளக்கத்தான் இத்தனை அலங்காரமாம். அம்மாவை முதியோர் விடுதியில் விட ஏற்பாடும் ஆகிவிட்டதாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான்.

இன்ஸ்பெக்டர் அண்ணாந்து விளக்கை மரியாதையோடு பார்த்தார். பிறகு ஏணியைப் பார்த்தார்.

"இப்ப நீ சொல்லு. வேலைய ஒழுங்கா செஞ்சியா?"

"என் புள்ளைங்க மேல சத்தியமா சார். ஒரு குறை இல்லாம செஞ்சேன்."

மொத்த விளக்கும் அணைந்தது!

"கொலைகாரன் மாட்டிக்கிட்டான்." இருட்டில் விலங்கு கிளிங் என்றது.

"அந்தப் புள்ளையாண்டானை விடுங்க." போர்வை எழுந்து உட்கார்ந்தது.

இன்ஸ்பெக்டர் சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. மகன் ஓடித் திரையை விலக்கினான். அம்மாவின் கையில் ரிமோட்!

"செத்தாலாவது உங்க வாயிலேர்ந்து நிஜம் வருமான்னு பாத்தேன்டா. இது என் வீடு, நான் விக்க மாட்டேன். மூட்டையைக் கட்டணும்னா நீங்க கட்டுங்க."

இன்ஸ்பெக்டர் தரையிலிருந்தே கேட்டார். "அப்ப மூணு தடவையும் அமுக்கினது நீங்கதானாம்மா?"

"முதல் ரெண்டுதான். மூணாவது நான் இல்லையே..."

எல்லாருக்கும் முதுகு சில்லிட்டது.

கதவு படாரென்று திறந்தது.

பல் டாக்டர். ஒரு கையில் குறடு, மறு கையில் ரிமோட். கொஞ்ச நேரமாகத் தன் கிளினிக்கில் விளக்கு தானாக மங்குகிறது என்று கத்தினார்.

"ரெண்டு தடவை மங்குச்சு. ரெண்டு தடவையும் நல்ல பல்லைப் புடுங்கிட்டேன். வெறுத்துப்போய் நானே மொத்தமா அணைச்சிட்டு வர்றேன்."

எல்லாரும் ஏணி உச்சியை அண்ணாந்து பார்த்தார்கள்.

எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். செட்டுக்குச் செட்டு ரிமோட்டின் கோட் எண்ணை மாற்றவேண்டும். சோம்பல். ரெண்டு இடத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டாராம்; எந்த ரிமோட்டை அமுக்கினாலும் ரெண்டு இடமும் மங்குமாம்.

"ஆக, நீ சொன்னதும் பொய்தான்." இன்ஸ்பெக்டர் எழுந்து தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டார். "விளக்கு கரெக்டாத்தான் சொல்லியிருக்கு. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வா."

"எதுக்கு சார்?"

"விசாரணை ரூமுக்கு ஒரு செட் மாட்டணும். இந்த அம்மாவையும் கூட்டிட்டு வந்துடு."

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டு விளக்கு நீங்கள் அமுக்கினால் மட்டும் மங்கட்டும். உள்ளே இருக்கிற மனசுகள் ஒருநாளும் மங்காமல் இருக்கட்டும். பல்லெல்லாம் பத்திரமாக, நூறு வயசு நன்றாக இருங்கள்.